தக்காளி பழமா, காய்கறியா?

"அறிவியல் ஆசிரியர் தக்காளியைப் பழம் என்கிறார், அம்மா காய்கறிக் கூடையில் போடுகிறார். யார் சொல்வது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருவர் சொல்வதும் சரிதான். ஆசிரியர் அது எதிலிருந்து வந்தது என்று பார்க்கிறார், அம்மா அது எங்கே போகப்போகிறது என்று பார்க்கிறார். தமிழ் வேறொன்றையும் பார்க்கிறது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது மியான்மரில் நான் இருக்கும் யாங்கூன் நகரத்தில் ஒரு ஏழு வயதுப் பையன்.

முதலில் ஆசிரியர் பக்கம். பூவில் விதை உருவாகும் பகுதியான சூலகம் வளர்ந்து விதையைத் தாங்கி நின்றால் தாவரவியலில் அது கனி. அந்தக் கணக்கில் தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல், பூசணி, மிளகாய் எல்லாமே கனிகள். முந்திரிப் பழம் என்று நாம் கடித்துச் சாப்பிடும் சாறு நிறைந்த பகுதியோ உப்பிப்போன காம்பு. அதன் அடியில் தொங்கும் கொட்டைதான் உண்மையான கனி. காய்கறி என்று ஒரு பிரிவே தாவரவியலில் கிடையாது. வேர், தண்டு, இலை, பூ, கனி என்றுதான் பிரிப்பார்கள். கேரட் வேர், உருளைக்கிழங்கு தண்டு, காலிஃப்ளவர் பூங்கொத்து. காய்கறி என்பது சமையலறை போட்ட பெயர்.

அந்தப் பெயருக்கும் மதிப்பு உண்டு. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 சதவீத வரி, பழத்துக்கு வரி இல்லை. நியூயார்க்கில் நிக்ஸ் என்ற வியாபாரி, தக்காளி பழம்தானே, எதற்கு வரி என்று வழக்குப் போட்டார். 1893இல் உச்ச நீதிமன்றம், தாவரவியலில் அது கனிதான், ஆனாலும் மக்கள் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறார்கள், சாப்பிட்டு முடித்த பிறகு இனிப்பாகச் சாப்பிடுவதில்லை, ஆகவே காய்கறி என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் அம்மாவின் கூடைக்கு உச்ச நீதிமன்றமே சாட்சி.

சரி, அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் பாட்டி தமிழ் பேசினாலும் பள்ளி, தெரு, விளையாட்டு எல்லாம் பர்மிய மொழிதான். "நேற்று வீட்டில் என்ன நடந்தது, ஒரு வரி எழுது" என்றேன். அவன் எழுதினான்: "பாட்டி மாம்பழ ஊறுகாய் போட்டாங்க." மற்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

ஏன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். பர்மிய மொழியில் மா காய்த்தால் 'தயெதீ', பழுத்தாலும் 'தயெதீ'. பச்சை, பழுத்தது என்று வேண்டுமானால் பின்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்வார்கள். காய்க்கும் பழத்துக்கும் 'தீ' என்ற ஒரே சொல்தான். அந்தப் பிள்ளைக்கு மாங்காயும் மாம்பழமும் ஒரே பொருள். எந்தப் பெயரை எடுத்தாலும் சரி என்று நினைத்துவிட்டான்.

அடுத்த வாரம் சந்தையில் ஒரு பச்சை மாங்காயும் ஒரு செய்ன்தலோன் மாம்பழமும் வாங்கிப்போனேன். எங்கள் ஊர் மாம்பழங்களில் அதற்குத்தான் மவுசு. இரண்டையும் மேசையில் வைத்து அவனை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். காயில் கட்டைவிரல் வழுக்கியது. பழத்தில் மெதுவாக அமுங்கி, காம்பு பக்கம் ஒரு சொட்டுச் சாறு கசிந்தது. விரலை மோந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது தூங்கி எழுந்த மாங்காயா?" என்றான். அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

காய், பழம் என்பவை தமிழில் ஒரே பொருளின் வயது. பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம். பழுத்தது பழம், அவ்வளவுதான். இனித்துக் குழையாமல் காய்ந்து முற்றுவதற்கு 'நெற்று' என்று தனிச்சொல்லே வைத்திருக்கிறோம். அதனால்தான் முருங்கைப்பழம் என்று யாரும் சொல்வதில்லை. தேங்காய் எவ்வளவு முற்றினாலும் தேங்காய்தான். வாழைக்காய் வறுவலுக்கு, வாழைப்பழம் பூசைக்கு. ஒரே தாரில் வந்தவை.

இப்போது தக்காளியைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் தக்காளிக்காய், சிவந்தால் தக்காளிப்பழம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் "ரசத்துக்கு ரெண்டு தக்காளிப்பழம் எடு" என்றுதான் இன்றைக்கும் சொல்வார்கள். ரசத்தில் போட்டதால் அது பழம் இல்லாமல் போகவில்லை. இங்கே மியான்மரில் இன்லே ஏரியில் மிதக்கும் தோட்டங்களில் தக்காளி விளைகிறது. யாங்கூன் சந்தையில் அதை வீசைக் கணக்கில்தான் நிறுப்பார்கள். ஒரு வீசை சுமார் 1.6 கிலோ. கடைக்கார அம்மா பச்சையைத் தனியே, சிவப்பைத் தனியே குவித்திருப்பார். பச்சையை வெட்டி வேர்க்கடலைப் பொடி, வெங்காயம், எண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுவோம். புளிப்பும் நறநறப்புமாக அதன் ருசியே வேறு. பழுத்தது குழம்புக்கு.

பர்மியர்கள் தக்காளியை 'கயான்ஜின்தீ' என்பார்கள். 'கயான்தீ' கத்தரிக்காய், 'ஜின்' புளிப்பு. புளிப்புக் கத்தரி! தாவரவியலிலும் கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம்தான். அப்புறம், காய்கறிக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஹின்தீ ஹின்யுவெ'. 'ஹின்' கறி, 'தீ' காய், 'யுவெ' இலை. கறிக்கான காய், கறிக்கான இலை. நம் 'காய்கறி'யும் ஏறக்குறைய அதே இரண்டு சொற்களால் ஆனதுதான். சாப்பிடும் பழங்களுக்கு 'திட்தீ', அதாவது மரத்துக் காய். அவர்கள் பிரிப்பது உங்கள் அம்மா பிரிப்பது போலத்தான், எங்கே போகிறது என்று பார்த்து.

ஆகவே அறிவியல் தேர்வில் 'கனி' என்று எழுதுங்கள். வீட்டில் கூடையை அம்மா வைத்த இடத்திலேயே விடுங்கள். தமிழில் பேசும்போது மட்டும், தயவுசெய்து, வெறும் 'தக்காளி' என்று நிறுத்தாமல் காயா பழமா என்று சேர்த்துச் சொல்லுங்கள். இங்கே எங்கள் பிள்ளைகள் அந்தச் சின்ன வித்தியாசத்தை விரலால் அழுத்திப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பையன் போன வாரம் எழுதிய வரி: "பாட்டி மாங்காய் ஊறுகாய் போட்டாங்க. மாம்பழம் எனக்குத் தந்தாங்க."