"அவசரம்" என்றால் ஆட்சேபணை செய்ய முடியாதா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஒன்றேகால் ஏக்கர் நிலம், கிணறும் தென்னையும் இருக்கிறது. பட்டா இறந்துபோன தாத்தா பெயரில். பேருந்து நிலையத்துக்கு எடுக்கிறோம், அவசரப் பிரிவு, ஆட்சேபணை செல்லாது, கையெழுத்துப் போடு என்கிறார்கள். போடலாமா?"

போடாதீர்கள். முதலில் நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அதில் இருக்க வேண்டும். வாயால் சொல்லும் அவசரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

1894-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இருந்தவரை, 17-ஆம் பிரிவைக் காட்டி விசாரணையே இல்லாமல் நிலம் எடுத்த கதைகள் வட ஆற்காட்டில் பழைய ஆட்களுக்குத் தெரியும். 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள 2013 நில எடுப்புச் சட்டத்தில் அந்தக் கதவு ரொம்பவே சுருங்கிவிட்டது. 40-ஆம் பிரிவின்படி நாட்டுப் பாதுகாப்பு, இயற்கைப் பேரிடர், நாடாளுமன்றம் ஒப்புதல் தந்த வேறு அவசரநிலை, இவற்றுக்கு மட்டும்தான் அவசரம் செல்லும். அதுவும் தேவையான குறைந்தபட்ச நிலத்துக்குத்தான். பாலாற்று வெள்ளத்தில் கரை உடைந்து, உடனே அடைக்க நிலம் வேண்டும் என்றால் புரிந்துகொள்ளலாம். பேருந்து நிலையம் எப்படி அவசரமாகும்? உண்மையான அவசரத்திலும்கூட நிலத்தில் கால் வைக்கும் முன் இழப்பீட்டில் 80 சதவீதத்தைத் தர வேண்டும். மொத்த இழப்பீட்டின் மேல் 75 சதவீதம் கூடுதலாகவும் உண்டு (நாட்டுப் பாதுகாப்பு தொடர்பான திட்டங்களுக்கு இந்த 75 கிடையாது).

பழைய சட்டம் இருந்தபோதே நீதிமன்றம் இதைக் கண்டித்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் மாவட்டச் சிறை கட்ட அவசரம் என்றார்கள். ஆனால் அடுத்த அறிவிப்பு வெளியிட ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்துக்கொண்டார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த அவசரத்தை ஏற்கவில்லை. உங்கள் கோப்பிலும் தேதிகளைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, ஆதிதிராவிடர் நலத் திட்டம் ஆகியவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. 2021-இல் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. நோட்டீஸில் அவற்றில் ஒன்று இருந்தால் கணக்கு வேறு. ஆனாலும் "ஏன் எடுக்கக் கூடாது" என்று உங்களிடம் கேட்காமல் எடுக்க முடியாது.

2013 சட்டம் என்றால், முதல்நிலை அறிவிக்கை வந்த 60 நாளுக்குள் கலெக்டருக்கு எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். நேரில் விசாரிக்கவும் கேளுங்கள். உங்களையோ உங்கள் வக்கீலையோ கலெக்டர் கேட்டே ஆக வேண்டும். அவசரப் பிரிவைத் தவறாகப் போட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். தீர்வாணை (இழப்பீட்டை முடிவுசெய்யும் கலெக்டரின் உத்தரவு) வரும்வரை காத்திருந்துவிட்டுப் போனால் "ஏன் தாமதம்" என்பதே முதல் கேள்வியாக இருக்கும்.

அப்புறம் பட்டா. நோட்டீஸ் தாத்தா பெயருக்கு வந்து, "ஆள் இல்லை" என்று திரும்பிப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போதே வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கு மனுப் போடுங்கள். அதன் நகலை நில எடுப்பைக் கவனிக்கும் தனி தாசில்தாருக்கும் கொடுங்கள். அறிவிக்கை வந்தபின் விற்கவோ அடமானம் வைக்கவோ முயலாதீர்கள், சட்டம் தடுக்கிறது. கிணறு, தென்னை ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, அளவைப் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள்.

பணம் வாங்கும் நாளில் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், தொகை குறைவு என்று பிறகு மேல்முறையிட வழியில்லை. தீர்வாணை சொல்லும்போது நீங்கள் அங்கே இருந்தால், அதற்கான மனுவுக்கு 6 வாரம்தான் கெடு.