பன்னிரண்டாயிரம் கட்டித்தான் பிளாக் எழுதக் கற்கணுமா?

போன இதழில் பிளாக், அதாவது இணையத்தில் நாமே எழுதி நடத்தும் பக்கம், ஆரம்பிப்பது பற்றி ஒரு வாசகிக்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு நம் நீலகிரியிலிருந்தே ஏகப்பட்ட கடிதங்கள். சரி, இந்த முறை முழுக்க அதுதான். வர்க்கி செய்முறை கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்) எங்களுடையது. அரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் பகலில் மூன்று மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். ‘வீட்டிலிருந்தே பிளாக் எழுதி மாதம் ஐம்பதாயிரம்’ என்று போனில் ஒரு விளம்பரம் வந்தது. மூன்று மாதப் பயிற்சி 12,000 ரூபாய், இன்றைக்கே சேர்ந்தால் 7,999. கம்மலை அடகு வைத்துக் கட்டலாமா என்று யோசனை. கம்ப்யூட்டர் கிடையாது, போன் மட்டும்தான்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, கோத்தகிரி

கம்மல் காதிலேயே இருக்கட்டும் தங்கச்சி. ‘இன்றைக்கே சேர்ந்தால்’ என்கிற விளம்பரம் நாளைக்கும் அதையேதான் சொல்லும், வேண்டுமானால் நாளைக்கு எடுத்துப் பாருங்கள். நானும் ஏமாந்தவள்தான். சில வருஷம் முன்னால் ஒரு இடத்தில் இரண்டு நாள் வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டினேன். குன்னூரிலிருந்து காலை முதல் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தால், முதல் நாள் முழுக்க ஒருவர் தான் எப்படிக் கார் வாங்கினார் என்று கதை சொன்னார், இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல்தான் கம்ப்யூட்டரையே திறந்தார்கள், அதில் காட்டியதும் நான் ஏற்கெனவே வீட்டில் செய்துகொண்டிருந்ததுதான். மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

பிளாக் ஆரம்பிக்கக் காசே வேண்டாம். கூகுளின் பிளாகர் இலவசம். 1999இல் வேறொரு சின்ன கம்பெனி தொடங்கியது அது, 2003இல் கூகுள் வாங்கிக்கொண்டது. உங்களிடம் ஜிமெயில் இருந்தால் போதும். போனில் குரோமைத் திறந்து பிளாகர் டாட் காம் போனால் முதலில் தலைப்பு கேட்கும், அதைத் தமிழிலேயே வைக்கலாம். அடுத்து முகவரி கேட்கும், அது ஆங்கில எழுத்தில்தான், கடைசியில் பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று முடியும். இந்த முகவரியில்தான் பலரும் கோட்டை விடுவது. நான் முதலில் வைத்ததில் 27 எழுத்து. எங்கள் அண்ணி இரண்டு முறை தப்பாக அடித்துவிட்டு, “உன் பிளாக் திறக்கவே மாட்டேங்குது” என்று கோபித்துக்கொண்டார். போனில் வாயால் சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளணும், அவ்வளவு சின்னதாக வையுங்கள்.

வேர்ட்பிரஸ் பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன, அதில்தான் குழப்பம். வேர்ட்பிரஸ் டாட் காமில் இலவசக் கணக்கு உண்டு, ஆனால் உங்கள் பக்கத்தில் அவர்கள் விளம்பரம் ஓடும். வேர்ட்பிரஸ் டாட் ஆர்கில் மென்பொருள் இலவசம், அதை வைக்க இணையத்தில் இடம் மட்டும் நீங்கள் வாடகைக்குப் பிடிக்கணும். இரண்டுமே இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

பயிற்சிக்கு வருகிறேன். தமிழில் படிக்க வேண்டும் என்றால் கணியம் தளம் இருக்கிறது, கம்ப்யூட்டர் விஷயங்களை எளிய தமிழில் எழுதி மின்னூலாகவும் சும்மாவே தருகிறார்கள். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் சின்னச் சின்ன வீடியோக்கள், பலவற்றுக்குத் தமிழ்க் குரல் உண்டு, படத்தைத் திருத்தும் கிம்ப், கடிதம் அடிக்கும் லிப்ரே ஆபீஸ் எல்லாம் அதில் கற்கலாம். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும்தான், ஆனால் வீட்டில் யாருக்காவது அரசு கொடுத்த லேப்டாப் பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கிறதா பாருங்கள், நம் பக்கம் பாதி வீட்டில் தூங்குகிறது. ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்றால் லேர்ன் வேர்ட்பிரஸ் தளமும் ஹப்ஸ்பாட் அகாடமியும் இலவசம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடம் இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். காசு கொடுத்தே படிக்கணும் என்று மனசு அடித்துக்கொண்டால் யூடெமி என்ற பயிற்சித் தளத்தில் தள்ளுபடி நாளுக்குக் காத்திருங்கள், மூவாயிரம் போட்ட வகுப்பு ஐந்நூறுக்குக் கிடைக்கும், பெரும்பாலான வகுப்புகளுக்கு 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். 7,999 கேட்பவரிடம் இதே 30 நாள் வாக்கை எழுத்தில் கேட்டுப் பாருங்களேன், பதில் வருகிறதா என்று.

ஆனால் இதையெல்லாம் மொத்தமாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுதுவேன் என்று உட்காராதீர்கள். வீடியோ பார்ப்பதே வேலையாகிவிடும், அந்த மூன்று மணி நேரமும் அதிலேயே போய்விடும். ஒரு மணி நேரம் பாருங்கள், இரண்டு மணி நேரம் எழுதுங்கள். பத்துப் பதிவு போடும் வரை ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக்கூடாது என்று உங்களுக்கு நீங்களே சத்தியம் செய்துகொள்ளுங்கள். பத்தைத் தாண்டியும் கை எழுதுகிறது என்றால் அப்புறம் சொந்தமாக ஒரு டாட் காம் பெயர் வாங்கலாம். வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும், பிளாகரிலேயே அதை இணைத்துக்கொள்ளலாம், இணைக்கக் காசில்லை. முதல் வருஷச் சலுகையை மட்டும் பார்த்து வாங்காமல் இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள்.

எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் கன்னேரிமுக்கில் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் 1819இல் கட்டிய பங்களா இருக்கிறது இல்லையா, அதைப் பற்றித் தேடினால் எல்லோரும் அந்த வருஷத்தையும் அந்த நாலு வரியையுமே திருப்பித் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கோத்தகிரியிலிருந்து எந்த மினி பஸ், எங்கே இறங்கணும், எவ்வளவு தூரம் நடக்கணும், பக்கத்தில் டீ கிடைக்குமா என்று எழுத உங்களால்தான் முடியும். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெளியூர்க்காரர்கள் வரலாமா, வந்தால் எப்படி நடந்துகொள்ளணும் என்று ஒருவர் பொறுமையாக எழுதினால் எத்தனை பேருக்கு உபயோகம். ‘அவரை உதக்க’ என்ற படுகர் குழம்பு செய்வதை அளவோடு எழுதுங்கள், கைப்பிடி கணக்கு வேண்டாம், உங்கள் கை வேறு என் கை வேறு.

இரண்டு எச்சரிக்கை. பிளாகரில் நேராக உட்கார்ந்து அடிக்காதீர்கள். ஒரு ஜூலை மாதம் முக்கால்வாசி அடித்த பதிவு, கரண்ட் போய் டவரும் போய், காற்றோடு போனது எனக்கு. போன் நோட்டில் அடித்துவிட்டுக் கடைசியில் ஒட்டுங்கள். அப்புறம் பேக்கப். கூகுள் பிளஸ் என்று ஒன்று இருந்தது, 2019இல் மூடிவிட்டார்கள், பிளாகரையும் மூடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, மாதம் ஒருமுறை செட்டிங்ஸுக்குப் போய் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வதில் என்ன நஷ்டம்?

மாதம் ஐம்பதாயிரமா? பிளாக்கில் ஓடும் விளம்பரத்திலிருந்து எனக்கு முதல் நூறு டாலர் சேர ஒன்றரை வருஷம் ஆனது.

தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆங்கிலத்தில்தான் காசு என்கிறார்கள் என் நண்பர்கள். தமிழில் டைப் அடிக்கவும் எனக்கு வராது, அம்மா என்று அடிக்கவே அரை நிமிஷம்.
– கல்லூரி மாணவர், குன்னூர்

உங்கள் நண்பர்கள் சொல்வது முன்பு சரியாக இருந்தது. தமிழ்ப் பக்கங்களைக் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் ஏற்றுக்கொள்ளாத காலம் இருந்தது, தமிழ் பிளாக்குகளைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் பெயர் வந்தாலே பெரிய சம்பாத்தியம் என்று நாங்கள் திரிந்த காலம் அது. 2018 பிப்ரவரியில் தமிழையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆங்கிலப் பக்கத்துக்கு விளம்பரக் காசு கூடுதல்தான், மறுக்கவில்லை, ஆனால் ஊட்டியில் சுற்றிப்பார்க்கப் பத்து இடம் என்று ஆங்கிலத்தில் எழுதினால் நீங்கள் பல்லாயிரத்தில் ஒருவர். 2024 மே மாதம் ஊட்டி, கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தபோது அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் எத்தனை பேர் திணறினார்கள், படம் படமாகத் தமிழில் அதை விளக்கிய பக்கத்துக்கு வேலை இருந்தது.

டைப்பிங்குக்குத் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைப் பழகுங்கள் தம்பி. ஆங்கிலத்தில் அடித்துத் தமிழாக மாற்றுவது ஆரம்பத்தில் சுலபமாகத் தெரியும், அதிலேயே நின்றுவிடுவீர்கள். தமிழ்99இல் உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு. ஒரே எழுத்து அடுத்தடுத்து வந்தால் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பத்து நாள் கை தடுமாறும், அப்புறம் விரல் தானாக ஓடும். ஒன்று மட்டும் கவனம், டிடிபி கடையில் பழக்கமாக பாமினி எழுத்துருவில் அடித்துத் தருவார்கள், அது தேடலில் சிக்காது. எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோட் எழுத்தாக இருக்கணும்.

என் பாட்டி இலங்கையிலிருந்து வந்தவர், இப்போது 78 வயது. டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீட்டில்தான் நாங்கள் வளர்ந்தோம். தலைமன்னாரில் கப்பல் ஏறிய கதையை மழை பெய்தால் சொல்வார். இதை பிளாக்காக எழுதலாம் என்று ஆசை, ஆனால் எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, சேரம்பாடி

மழை பெய்யும்போதே ஆரம்பியுங்கள், சேரம்பாடியில் அதற்கா பஞ்சம்.

உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வகைசெய்த 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், 1968இல் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். டிரங்குப் பெட்டியில் பாட்டி என்ன எடுத்துவந்தார் என்பது கிடைக்காது. அதனால் “எந்த வருஷம் வந்தீங்க” என்று ஆரம்பிக்காதீர்கள், வருஷம் கேட்டால் வயசானவர்கள் பரீட்சை மாதிரி பயந்துவிடுவார்கள். பெட்டியில் என்ன இருந்தது, கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள், வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் ராத்திரி எப்படித் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். போனை அடுப்பு மேடையில் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டு நீங்கள் பாட்டுக்கு வெங்காயம் உரியுங்கள். ஒருநாளைக்குப் பத்து நிமிஷம் போதும்.

போனில் பேசினால் எழுத்தாக்கும் மைக் வசதி இதற்கு உதவாது, பாட்டியின் மலையகப் பேச்சை அது தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். காதில் கேட்டு நீங்களே அடியுங்கள். அவர் சொல்லும் சொல்லையே போடுங்கள், நல்ல தமிழாகத் திருத்துகிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். வெளியிடும் முன் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள், “இதைப் போடாதே” என்று எதையாவது சொன்னால் போடக்கூடாது, அதில் பேரம் கிடையாது. அவருடைய பழைய குடும்ப அட்டை பத்திரமாக இருந்தால் படம் எடுத்து வையுங்கள், பிளாக்கில் போடும்போது எண்களை மறைத்துவிடுங்கள். லைனில் மற்றவர்கள் பெயரும் அப்படித்தான், கேட்காமல் போடாதீர்கள். இதில் வருமானம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏஐ இருக்கும்போது நாம் ஏன் மெனக்கெடணும்? தினம் அஞ்சு பதிவு எழுதி வாங்கிப் போட்டால் ஆகாதா?
– வாசகர், ஊட்டி

சோதித்துப் பார்த்தேன். ‘ஜனவரியில் ஊட்டியின் பனிப்பொழிவை ரசிக்கலாம்’ என்று எழுதித் தந்தது. உங்கள் ஊரில் பனி பொழிகிறதா? நமக்கு நீர்ப்பனி உண்டு, உறைபனி உண்டு, விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும், மேலேயிருந்து எதுவும் பொழிவதில்லை. அதை நம்பிக் குடும்பத்தோடு வந்தவர் உங்களைத்தானே திட்டுவார். எழுத்துப் பிழை பார்க்க, தலைப்புக்கு நாலு யோசனை கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

என் பிளாக்கில் பத்து டாலர் சேர்ந்துவிட்டது. வீட்டு முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் நம்பர் அனுப்பியிருப்பதாக ஆட்சென்ஸ் சொல்கிறது. ஐந்து வாரம் ஆயிற்று, வரவில்லை. பணம் போய்விடுமா?
– வாசகர், மஞ்சூர்

போகாது. சாதாரணமாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் வரணும், ஆனால் அது சாதாரணத் தபால், பதிவுத் தபால் இல்லை, காகிதமும் ஏதோ விளம்பர நோட்டீஸ் மாதிரி இருக்கும், வீட்டில் யாராவது கிழித்துப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். எங்கள் வீட்டில் அதன்மேல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. இல்லையென்றால் கணக்கில் உள்ள முகவரியைப் பாருங்கள். எஸ்டேட் பெயரும் லைன் நம்பரும் மட்டும் இருந்தால் நம் பக்கம் தபால் வராது, தபால் நிலையத்தின் பெயரும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும் வேண்டும். சரி செய்துவிட்டு மறுபடி பின் கேட்கலாம். முதல் பின் அனுப்பியதிலிருந்து நான்கு மாதத்துக்குள் போடாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும், அதனால் இந்த வாரமே செய்யுங்கள். பின் போட்டதும் பணம் வந்துவிடாது, நூறு டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். நடுவில் வரி விவரம் என்று ஒரு படிவம் கேட்கும், அதில் பான் அட்டையில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள், இனிஷியல் முன்னே பின்னே மாறினால் மறுபடி முதலிலிருந்து. அப்புறம் போஸ்ட்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எனக்கு இரண்டாவது பின் வந்தபோது அவர் வீடு வரை ஏறி வந்து, “அக்கா, நீங்க சொன்ன அமெரிக்கா லெட்டர்” என்று கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்.