சர்வர் ரூமை மூடிடலாமா?

கேள்வி: சார், ஆர்ட்ஸ் காலேஜ் ஒண்ணுல லேப் பாத்துக்கறேன். ரெண்டு சர்வரும் ரொம்ப பழசு, கரண்ட் போனா யுபிஎஸ் பத்து நிமிஷம்கூட தாங்கல. எல்லாத்தையும் கிளவுடுக்கு (இன்டர்நெட் வழியா வாடகைக்குக் கிடைக்கற வெளி சர்வருக்கு) மாத்திடுங்க, செலவே இருக்காதுன்னு ஒரு ஏஜென்ட் சொல்லிட்டுப் போனார், பிரின்சிபாலும் ஆசைப்படறார். நம்பி இறங்கலாமா?
(லேப் உதவியாளர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: இறங்கலாம். ஆனா "செலவே இருக்காது"ன்னார் பாருங்க, அங்கதான் உஷாரா இருக்கணும். கூகுளும் காலேஜுங்களுக்கு அளவே இல்லாம ஸ்டோரேஜ் ஃப்ரீன்னுதான் கொடுத்துட்டு இருந்துச்சு, கொரோனா டைம்ல எல்லாரும் கிளாஸ் வீடியோவ அள்ளி அள்ளி அதுல கொட்டினாங்க, 2021 பிப்ரவரியில பாத்தா இனிமே மொத்த காலேஜுக்கும் சேத்து 100 டிபி, அதாவது ஒரு லட்சம் ஜிபிதான்னு அறிவிச்சுட்டாங்க, ஏற்கெனவே இருந்தவங்களுக்கு 2022 ஜூலைலேர்ந்து அமல். கேக்க பெருசாத்தான் இருக்கும், 8,000 பேர் இருந்தா தலைக்கு 12.5 ஜிபி, அவ்வளவுதான்.

அதவிட பெரிய தலைவலி பணம் கட்டற முறை. நம்ம காலேஜ்ல பொருள் வாங்கத்தான் வழி இருக்கு: மூணு கொட்டேஷன், ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஒரு வரி, சர்வர் மேல பெயிண்ட்ல நம்பர், முடிஞ்சது. கிளவுடு பில் கரண்ட் பில் மாதிரி, மாசாமாசம் வேற வேற தொகை வரும், சிலது டாலர் கணக்குல வரும். இத ரெஜிஸ்டர்ல எந்தப் பக்கத்துல ஏத்தறதுன்னு எங்க அக்கவுண்ட்ஸ்ல கேட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் எனக்கு பதில் தெரியல.

இன்னொண்ணு. எங்க ப்ராஜெக்ட் பையன் ஒருத்தன் கிளவுடுல ஜிபியு மெஷின் (பெரிய கணக்குகள வேகமா போடற கம்ப்யூட்டர்) ஒண்ண வாடகைக்கு எடுத்து, வேலை முடிஞ்சதும் அந்த மெஷினுக்கு உள்ளயே ஷட்டவுன் கொடுத்துட்டு பொங்கலுக்கு ஊருக்குப் போயிட்டான். சில கிளவுடுல அது போதாது, கிளவுடு கம்பெனியோட போர்ட்டல்ல (வெப்சைட்ல) போய் மெஷினையே விடுவிச்சாதான் மீட்டர் நிக்கும், டிஸ்க்குக்கு அப்பவும் வாடகை ஓடும். லீவு முழுக்க ஓடியிருக்கு. பட்ஜெட் அலர்ட் வச்சிருந்தோம்தான், அது மெயில் மட்டும்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது, லீவுல யாரு மெயில் பாக்கறா?

அதனால மெயில், மூடுல் (பாடம், அசைன்மென்ட் போடற சாஃப்ட்வேர்), ரிசல்ட் பக்கம், இதுகள முதல்ல கிளவுடுக்கு அனுப்புங்க. ரிசல்ட் அன்னிக்கு ஒரு மணி நேரம் மொத்த ஊரும் வந்து மோதும், மத்த 364 நாளும் ஈ ஓட்டும், அந்த மாதிரி வேலைக்குத்தான் கிளவுடு லாயக்கு. மார்க்கும் ஃபீஸும் இப்போதைக்கு காலேஜ் சர்வர்லயே இருக்கட்டும், ஒரு காப்பி மட்டும் வெளிய. பசங்க பழகறதுக்கு கூகுளோட கோலாப் (பிரவுசர்லயே புரோகிராம் எழுதி ஓட்டற இடம்) சும்மாவே கிடைக்குது, மைக்ரோசாஃப்ட்டோட கிளவுடு அஷூர்ல மாணவர்களுக்கு 100 டாலர் கிரெடிட் உண்டு, கார்டு கேக்க மாட்டாங்க. நாளைக்கு வெளிய வரணும்னா டேட்டாவ எந்த ஃபார்மட்ல, எத்தனை நாள்ல திருப்பித் தருவீங்கன்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல வாங்கிடுங்க.

அப்புறம் அந்த யுபிஎஸ் பேட்டரி, அத மொதல்ல மாத்துங்க சார். கிளவுடுக்குப் போனாலும் உங்க லேப்ல இருக்கற ரவுட்டரும் ஸ்விட்ச்சும் கரண்ட்லதான் ஓடும்.