ட்ரை கணக்கில் தெரியாத ஃபார்வர்டு

கேள்வி: மகளின் பள்ளிக் கட்டுரைக்காக டக்ளஸ் கிளார்க் என்ற பழைய ரக்பி லீக் ஃபார்வர்டை (முன்வரிசையில் முட்டி மோதி ஆடுபவர்) பற்றி ஒரு பக்கம் எழுத உதவுகிறேன். அவருடைய ஆட்டப் பட்டியலில் அணி 'நார்தர்ன் யூனியன்' என்று இருக்கிறது. 1915-க்குப் பிறகு சில ஆண்டுகள் காலி. ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) கணக்கும் பெரிதாக இல்லை. எதை வைத்து இவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று எழுதுவது?

பதில்: பெயர்க் குழப்பம் சின்னதுதான். 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிய வட இங்கிலாந்து கிளப்புகள், வேலையை விட்டு ஆட வருகிற தொழிலாளிக்கு இழந்த கூலியைத் தர வேண்டும் என்று பிரிந்து வந்து அமைத்ததுதான் நார்தர்ன் யூனியன். 1922-ல் அதுவே ரக்பி லீக் என்று பெயர் மாறியது. அதனால் நார்தர்ன் யூனியன் பெயரில் ஆடிய டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான) ஆட்டங்கள் இன்றைய பட்டியல்களில் கிரேட் பிரிட்டன் பெயரில் வரும்.

ட்ரை கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். கிளார்க் ஆடிய ஹடர்ஸ்ஃபீல்டு அணியில் விங்கர் (மைதான ஓரத்தில், அதாவது விங்கில், ஓடி ஆடுபவர்) ஆல்பர்ட் ரோசன்ஃபெல்டு 1913–14 பருவத்தில் 80 ட்ரை போட்டார். விங்கர் கைக்குப் பந்து வருவதற்கு முன்னால், இரு அணி ஃபார்வர்டுகளும் தோளோடு தோள் கோத்து மோதும் ஸ்க்ரம்மில் முட்டித் தள்ளி அதைப் பிடுங்கித் தருவது ஆறு ஃபார்வர்டுகள். அந்த உழைப்புக்குப் பட்டியலில் இடமே கிடையாது. அடுத்த பருவத்தில் அதே அணி நான்கு கோப்பைகளையும் வென்றது. ஒரு ஃபார்வர்டின் கணக்கை நான் அங்கேதான் தேடுவேன். அப்புறம், எத்தனை ஆட்டம் ஆடினார் என்று பாருங்கள். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மட்டும் 485.

கட்டுரையில் பாதியை 1914 ஜூலை 4-க்குக் கொடுங்கள். சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்றாவது டெஸ்ட். எட்டு நாளுக்குள் மூன்று டெஸ்ட்! அப்போது மாற்று ஆட்டக்காரர் என்ற விதியே இல்லை. அடிபட்டவர் வெளியேறினால் மீதிப் பேர்தான் ஆட வேண்டும். கிளார்க்கின் கட்டைவிரல் முறிந்தது, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார். பிறகு காரை எலும்பில் அடிபட்டு, ஆட முடியாமல் வெளியேறினார். ஒரு கட்டத்தில் நார்தர்ன் யூனியன் பக்கம் பதின்மூன்று பேரில் பத்தே பேர் நின்றார்கள். ஆள் இல்லாமல் விங்குக்கு அனுப்பப்பட்ட ஃபார்வர்டு சிக் ஜான்சன், பந்தைக் காலாலேயே உருட்டிக்கொண்டு போய் ட்ரை போட்டார். 14–6 என்று வென்றார்கள். தடுத்தே ஜெயித்த அந்த ஆட்டத்துக்கு, ஆப்பிரிக்காவில் சிறு படை ஒன்று பெரும்படையைத் தாங்கி நின்ற இடத்தின் பெயரால், 'ரோர்க்ஸ் டிரிஃப்ட் டெஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள்.

காலியாகத் தெரியும் ஆண்டுகள் முதல் உலகப் போர். அதிகாரப்பூர்வப் போட்டிகள் நின்றுபோயின. கிளார்க் போர்முனைக்கு லாரியில் குண்டுகள் கொண்டுபோனார். 1917-ல் நச்சு வாயுவால் பாதிக்கப்பட்டார். வீரத்துக்காக மிலிட்டரி மெடலும் பெற்றார். அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் இதை அவசியம் எழுதுங்கள். ஏனென்றால் அதற்கு அடுத்த வரி, அந்த நுரையீரலோடு 1920-ல் மறுபடியும் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்குத் தேர்வானார் என்பது.