சிகாகோ வரை போகிறவர்கள் பக்கத்தில் உள்ள மில்வாக்கி நகரத்துக்கும் போக வேண்டுமா? எப்போது போகலாம்?

கோடையில் என்றால் கட்டாயம் போகலாம். சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் ஹயவாதா ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் மில்வாக்கி, கார் வேண்டியதில்லை.

ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும் சம்மர்ஃபெஸ்ட் நடக்கும். 1968-இல் தொடங்கிய இசை விழா இது. மிச்சிகன் ஏரிக்கரையில் பல மேடைகளில் ஒரே நேரத்தில் கச்சேரி ஓடும். இப்போதெல்லாம் மூன்று வார இறுதிகளில், வியாழன் முதல் சனி வரை மட்டும்தான். கிழமையைப் பார்க்காமல் செவ்வாய்க்கிழமை போய் இறங்கினால் காலி மைதானம்தான். கூட்டம் பிடிக்காதவர்கள் ஆகஸ்டில் அதே மைதானத்தில் நடக்கும் ஐரிஷ் விழாவுக்குப் போகலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

ஊரை வளர்த்தது ஜெர்மன் குடியேறிகளின் பீர் ஆலைகளும் இயந்திரத் தொழிலும். ஷ்லிட்ஸ் ஆலை 1981-இல் மூடப்பட்டது, பாப்ஸ்ட் 1996-இல். பாப்ஸ்ட் வளாகத்தின் பழைய கட்டடங்களில் இன்று ஹோட்டலும் குடியிருப்புகளும் இருக்கின்றன. 1903-இல் இங்கே பிறந்த ஹார்லி டேவிட்சனின் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பைக் பைத்தியம் இல்லாதவர்களுக்கும் அலுக்காது. அப்புறம், கலை அருங்காட்சியகத்தின் கூரையில் ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்த பிரம்மாண்டமான சிறகுகள் நண்பகலில் மடங்கி விரியும். காற்று பலமாக இருந்தால் விரிக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சைவர்களுக்குப் பொரித்த சீஸ் கட்டிகள் எங்கும் கிடைக்கும். ஜூனிலும் ஏரிக்காற்று மாலையில் குளிரும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.