கதையை முதலில் புத்தகமாக்குங்கள், ஸ்டுடியோ காத்திருக்கட்டும்

கேள்வி: பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் யு.கே.ஜி. ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் சொன்ன கதைகளை எழுதி வைத்ததில் பதினான்கு சேர்ந்துவிட்டன. மூன்றைப் பதிப்பகங்களுக்கு அனுப்பினேன், பதில் இல்லை. ஓரிடத்தில் 35,000 ரூபாய் கொடுத்தால் புத்தகமாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு என் தண்ணீர் லாரிக் கதை பிடித்திருக்கிறது. 15,000 தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். சிறார் எழுத்தாளர், ஸ்கிரிப்ட் ரைட்டர் என்று இரண்டுமாக இருக்க முடியுமா? வேலையை விடலாமா? கதை திருட்டுப் போகாமல் இருக்க என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: வேலையை விடாதீர்கள். குழந்தைக் கவிஞர் என்று தமிழ்நாடே கொண்டாடிய அழ. வள்ளியப்பா, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கியவர், இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் எழுதினார். அவருக்கே சம்பளம் தேவைப்பட்டது என்றால் நமக்கு அதில் கூச்சம் எதற்கு? தவிர, உங்களிடம் இருப்பது வெறும் வேலை அல்ல. எந்த வரியில் குழந்தைகள் நெளிய ஆரம்பிக்கிறார்கள், எந்த இடத்தில் பெஞ்சை விட்டு எழுகிறார்கள் என்பதைத் தினமும் கண்ணால் பார்க்கிறீர்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதும் என்னைப் போன்றவர்களுக்கு அது கிடைக்காது.

இரண்டு தொழிலையும் செய்யலாம், நானே செய்கிறேன். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இருபது வருடம் முன்பு கோடம்பாக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு யானைக் கதையை எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்க ஒப்பந்தம். "சகல உரிமைகளும்" என்ற சொல்லைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே கையெழுத்தும் போட்டேன். அட்வான்ஸ் வாங்கிய கையோடு டி. நகரில் ஒரு மின்விசிறி வாங்கினேன். பிறகு அந்த யானை கார்ட்டூனாக வந்தது, டைட்டில் கார்டில் என் பெயர் இல்லை. பதிப்பகம் ஒன்று அதையே புத்தகமாகப் போடலாமா என்று கேட்டபோது, முடியாது என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. கதை என்னுடையதாக இல்லை. மின்விசிறி இன்னும் சுற்றுகிறது.

அதனால்தான் புத்தகம் முதலில் என்கிறேன். புத்தகத்தில் பெயர் உங்களுடையது, பதிப்புரிமையையும் உங்களிடமே வைத்துக்கொள்ளலாம். அச்சான பின் ஸ்டுடியோவுக்குப் போனால், திரை உரிமையை மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு, தனியாகப் பேசிக் கொடுக்கலாம். ஸ்டுடியோவுக்கு முதலில் போனால் பெரும்பாலும் கதை, பாத்திரம், பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விடும்.

உங்களிடம் நீட்டியிருக்கும் தாளை இந்தக் கண்ணோடு படியுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19, எழுத்தாளருக்கு ஓரளவு சாதகமானது. உரிமையை எழுத்தில்தான் மாற்றிக் கொடுக்க முடியும், வாய்வார்த்தை செல்லாது. எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் பொருள். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர. அந்த "தவிர" இருக்கிறதே, அதற்காகவே பல ஒப்பந்தங்களில் "பிரிவு 19(4) பொருந்தாது" என்று ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு படத்தில் இடம்பெறும் எழுத்துக்குத் திரையரங்குக்கு வெளியே வரும் ராயல்டியில் (படைப்பைப் பயன்படுத்துவதற்காக வரும் தொகை) எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. (சட்டத்தில் இருப்பது வேறு, கைக்கு வருவது வேறு என்பதும் தெரிந்ததுதான்.)

திருட்டு விஷயம். எழுதி முடித்த கணமே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. சான்று வேண்டுமென்றால் மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் ஆன்லைனில் பதியலாம், ஒரு படைப்புக்கு 500 ரூபாய். சினிமா, சீரியல் பக்கம் போகிறவர்கள் சென்னையில் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகி அங்கே கதையைப் பதிந்து வைப்பது வழக்கம். ஆனால் வெறும் ஒன் லைனுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. "தண்ணீர் லாரி வரிசையில் ஒரு பெண்ணின் குடம் தொலைகிறது" என்பதை யாரும் எழுதலாம். நீங்கள் எழுதிய விதம்தான் உங்கள் சொத்து. இன்னொன்று, பள்ளியின் பாடத் தேவைக்காக, சம்பள வேலையின் பகுதியாக எழுதிக் கொடுத்தவை எவை, வீட்டில் நீங்களாக எழுதியவை எவை என்று இப்போதே பிரித்து வையுங்கள். முன்னதைப் பள்ளி உரிமை கோர முடியும்.

சரி, பதில் ஏன் வரவில்லை? நீங்கள் அனுப்பிய முதல் பக்கத்தைப் பார்த்தேன். "ஒரு ஊரில் யாழினி என்ற அழகான சிறுமி இருந்தாள். அவள் நீல நிறப் பாவாடை அணிந்து இரட்டை ஜடை போட்டிருந்தாள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பாட்டி எப்போதும் சொல்வார்." பாவாடை, ஜடை, அழகு எல்லாம் ஓவியரின் வேலை. பாட்டியின் அறிவுரை யாருடைய வேலையும் இல்லை. நான் இப்படித் தொடங்கியிருப்பேன்:

"லாரி வந்தாச்சு! யாழினியின் குடம் எங்கே?"

அவ்வளவுதான் முதல் பக்கம். பக்கத்தைத் திருப்பினால்: "பச்சைக் குடம் இருக்கிறது. சிவப்புக் குடம் இருக்கிறது. கைப்பிடி போன பெயின்ட் பக்கெட்கூட இருக்கிறது." படத்தின் மூலையில், சன்ஷேடு மேல் கவிழ்ந்து கிடக்கிறது நீலக் குடம், அதன்மேல் ஒரு பூனை. எழுத்தில் பூனையைப் பற்றி ஒரு சொல் வரக்கூடாது. படிக்கத் தெரியாத குழந்தை அதைக் கண்டுபிடித்து, படித்துக் காட்டும் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். ஓவியருக்கு மட்டும் அடைப்புக்குறியில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். படக்கதைகள் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கம் இருக்கும். ஏ4 தாள்களை மடித்துத் தைத்து ஒரு டம்மி செய்து, எந்த வரி எந்தப் பக்கத்தில் என்று பென்சிலால் எழுதுங்கள். திருப்பும் விரலுக்கு வேலை இல்லாத பக்கம் அப்போது தானாகத் தெரியும். படங்களை நீங்களே வரைவித்து அனுப்ப வேண்டாம், ஓவியரைப் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும்.

இதே கதை அனிமேஷன் ஸ்கிரிப்டானால் கணக்கே மாறும். தொலைக்காட்சி எபிசோடு பெரும்பாலும் 11 நிமிடம். இங்கே பூனையைக் காலக்கணக்கோடு எழுத வேண்டும்: "வெளி. தெரு. காலை. கீழே யாழினி வலமிருந்து இடம் ஓடுகிறாள். பூனை தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டுகிறது." அப்புறம் செலவு. அனிமேஷனில் கூட்டமும் தண்ணீரும்தான் பட்ஜெட்டைத் தின்னும், உங்கள் கதையில் இரண்டும் இருக்கிறது! புத்தகத்தில் ஓவியர் நாற்பது பேரை ஒரே பக்கத்தில் வரைந்துவிடுவார். திரையில் நாற்பது பேரும் அசைய வேண்டும். அனுபவப்பட்ட ஸ்கிரிப்ட் ரைட்டர் வரிசையில் ஆட்களை நிறுத்த மாட்டார், குடங்களை நிறுத்துவார். தண்ணீரைக் காட்டாமல் குழாயிலிருந்து விழும் சத்தத்தை மட்டும் வைப்பார். வசனத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கேற்ப வாயை அசைப்பது வழக்கம் என்பதால், கடைசி நேரத்தில் ஒரு வரியை மாற்றினாலும் ஸ்டுடியோவில் முகம் சுளிப்பார்கள்.

இந்தத் தொழிலில் நுழைய சென்னையில் நல்ல வாசல் டப்பிங் வசனம். வேற்றுமொழி கார்ட்டூன்களுக்குத் தமிழ் எழுதும் வேலை. "மை பால்!" என்று ஒரு பாத்திரம் கத்தினால் அதன் உதடு இரண்டு முறை மூடும். "என்னோட பந்து" என்று எழுதினால் மூடிய வாயிலிருந்து 'என்' வரும். "பந்து, பந்து!" என்றால் ஒட்டிக்கொள்ளும். ம, ப எங்கே விழுகிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியதில்தான் நான் சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்டேன்.

35,000 கொடுக்காதீர்கள். ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தின் அடையாள எண்) இந்தியாவில் இலவசம், அதைக்கூட "பேக்கேஜில்" சேர்த்துக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. உங்கள் பெயர் அச்சில் வர வேறு வழிகள் இருக்கின்றன. பள்ளிக் கல்வித்துறையின் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு', தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' ஆகியவற்றைப் படித்துப் பார்த்து அனுப்புங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நீங்களே கதையை ஏற்றலாம். ஆனால் அங்கே போடும் கதையை யாரும், வியாபாரத்துக்கும்கூட, பெயரைக் குறிப்பிட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். அங்கே வேறு கதையைக் கொடுங்கள், தண்ணீர் லாரியை அல்ல.

படக்கதைக்கு என்றே இயங்கும் துலிகா, தாரா, கரடி டேல்ஸ் மூன்றும் சென்னையில்தான் இருக்கின்றன. தமிழில் மட்டும் என்றால் பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன், வானம் பதிப்பகம். அனுப்பும் முன் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் ஒரு ஞாயிறு உட்கார்ந்து, எந்தப் பதிப்பகம் எந்த வயதுக்குப் போடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் வார நாள் மதியம் போங்கள், சனி ஞாயிறு ஸ்டாலில் யாருக்கும் பேச நேரமிருக்காது.

வருமானம்? 80 ரூபாய் புத்தகத்துக்கு 10 சதவீத ராயல்டி என்று வையுங்கள். ஆயிரம் பிரதி விற்றால் 8,000, ஓவியருடன் பாதியாகப் பிரித்தால் உங்களுக்கு 4,000. நூலக ஆர்டர் கிடைத்தால் கொஞ்சம் கூடும். வீட்டு வாடகை ஸ்கிரிப்டிலிருந்துதான் வரும், புத்தகத்திலிருந்து அல்ல. அதனால் அந்த ஸ்டுடியோவைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். "தண்ணீர் லாரி புத்தகமாக வரப் போகிறது, வந்ததும் திரை உரிமையைப் பேசலாம். அதுவரை உங்கள் மற்ற தொடர்களுக்கு ஓர் எபிசோடு எழுதிப் பார்க்கிறேன், எபிசோடுக்கு என்ன தருவீர்கள்?" என்று மெயில் அனுப்புங்கள். போனில் பேசாதீர்கள். அவர்கள் எழுத்தில் சொல்லும் தொகையை எனக்குத் தெரிவியுங்கள், சரியா என்று சொல்கிறேன்.