பாடம் செய்த உடல்களும் அழிந்துபோன விலங்குகளும்: கேள்வி பதில்

கே: பாடம் செய்து வைத்திருக்கும் உடலைப் பார்த்து, அழிந்துபோன விலங்கை அப்படியே வரையலாமா?

ப: வேண்டாம். பாடம் செய்தவர் அந்த விலங்கை உயிரோடு பார்த்தாரா என்பதே சந்தேகம். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கும் வால்ரஸை (நீண்ட தந்தமுள்ள கடல்விலங்கு) எடுத்துக்கொள்ளுங்கள். உயிரோடிருக்கும் வால்ரஸின் தோல் சுருங்கிச் சுருங்கியிருக்கும்; இதன் தோலில் சுருக்கமே கிடையாது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் திணித்துத் திணித்துப் பலூனாக்கிவிட்டார்கள். நிறமும் வெளிச்சத்தில் வெளுத்திருக்கும்.

கே: பிறகு அதில் என்னதான் மிச்சம்?

ப: குவாகாவைச் சொல்கிறேன். முன்பாதியில் மட்டும் நன்றாக வரி தெரியும் தென்னாப்பிரிக்க விலங்கு. கடைசிக் குவாகா 1883-இல் ஆம்ஸ்டர்டாமில் செத்தது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த ஒரு தோலின் உட்பக்கம் காய்ந்த தசை அப்படியே ஒட்டிக்கிடந்தது. சரியாகச் சுரண்டாமல் விட்ட வேலை! 1984-இல் அதிலிருந்துதான் டிஎன்ஏ எடுத்தார்கள். அழிந்த விலங்கு ஒன்றிலிருந்து கிடைத்த முதல் டிஎன்ஏ அது. டிஎன்ஏவை எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள்; இதில் மொத்தமே 229 எழுத்துகள். குவாகா குதிரைப் பக்கமா, வரிக்குதிரைப் பக்கமா என்ற பழைய சண்டைக்கு அதுவே போதும்: வரிக்குதிரைப் பக்கம். பாடம் செய்தவர் கெட்டிக்காரராக இருந்திருந்தால் அந்தத் தசை நமக்குக் கிடைத்திருக்காது.

கே: பரணில் பழைய மான்தலை இருக்கிறது. பிரஷ் போட்டுத் துடைக்கலாமா?

ப: தொடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் ஆர்செனிக் என்ற நஞ்சு கலந்த சோப்பு பூசுவார்கள். தட்டினால் தூசியோடு அதுவும் பறக்கும். வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்பதை வக்கீலிடம் கேளுங்கள்.

கே: அழிந்துபோன ஆஸ்திரேலிய விலங்கான டாஸ்மேனியப் புலியை உயிர்ப்பிக்க முடியுமா?

ப: என் துறை இல்லை. ஸ்டாக்ஹோமில் இருந்த அதன் உலர்ந்த உடலிலிருந்து 2023-இல் ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது உருவாகும் நகல்) எடுத்தார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். தசையிலும் தோலிலும் எந்த மரபணுக்கள் வேலை செய்தன என்று அதில் தெரிகிறது.

கே: எப்படியும் டிஎன்ஏ எடுக்கப் போகிறீர்கள். பழைய சீட்டும் பதிவேடும் எதற்கு?

ப: எந்த மலையில், எந்த ஆண்டில் பிடித்தது என்று டிஎன்ஏ சொல்லுமா? ஜப்பானிய அருங்காட்சியகக் கிடங்கு ஒன்றில் ‘ஒருவகைக் காட்டுநாய்’ என்ற சீட்டோடு ஓர் உடல் கிடந்தது. இது அழிந்துபோன ஜப்பானிய ஓநாயாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவள் பள்ளிச் சிறுமி. உடலை அளந்தார்கள், பழைய பதிவேடுகளைத் துருவினார்கள். பெரும்பாலும் ஓநாய்தான் என்று 2024-இல் கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் அந்தச் சிறுமியும் ஒருத்தி.

கே: அப்படியென்றால் சீட்டு பொய் சொன்னது. என் கட்சிதானே ஜெயிக்கிறது?

ப: சீட்டு பொய், சரி. அதைப் பிடித்துக் கொடுத்தது எது? இன்னொரு பழைய பதிவு! டிஎன்ஏ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் உடலில் ஒரு துண்டு போகிறது. ஜப்பானிய ஓநாய்க்குப் பாடம் செய்த உடல்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். முதலில் காகிதம், அப்புறம் கத்தி.

கே: உள்ளங்காலில் துளியூண்டு வெட்டினால் யாருக்குத் தெரியும்?

ப: அடுத்து வெட்ட வருகிறவருக்குத் தெரியும்.

கே: குவாகாவை உயிர்ப்பிக்கலாமா?

ப: மேலே பாருங்கள்.

கே: மான்தலையை வாக்யூம் வைத்து...

ப: ஆர்செனிக், ஐயா. ஆர்செனிக்.